ஊர்ச்சபையில் இட்ட முட்டை

ஊர்ச்சபை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊரில் பாதியான பெண்களை மேட்டுக்குக் கீழேயே நிறுத்தினீரே, சபைத் தலைவரே, உம்மைத்தான். தெரியாதவர் மாதிரி முகத்தைத் திருப்பாதீர். கதையைக் கேளும்.

கோழிகளுக்கும் பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், குப்பைமேட்டின் உச்சியில் சேவல்கள் கூடுவார்கள். அதற்குப் பெயர் ஊர்ச்சபை. மேட்டுக்கு அடியில், பள்ளத்தில்தான் பெட்டைகள் முட்டையிட வேண்டும் என்பது அந்தச் சபை போட்ட சட்டம். பள்ளத்தை ஒட்டியே கீரிப்பொந்து.

புள்ளிக்காரி என்றொரு பெட்டை. பருந்திடமும் பூனையிடமும் அடிபட்டு அடிபட்டே பிழைக்கக் கற்றவள். மூன்று முறை இட்ட முட்டைகளையும் கீரி தின்றுவிட்டது. நான்காம் முறைக்கு வயிறு கனத்தது. இருப்புக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று மேடேறினாள்.

"முட்டையிடும் இடத்தை வைக்கோல்போருக்கு மாற்றுங்கள்!"

"யாரது கத்துவது?" என்றான் தலைவன் கொண்டையன்.

"கத்தவில்லை, பேசுகிறேன்."

"நாங்கள் பேசினால்தான் பேச்சு. நீங்கள் பேசினால் கத்தல். கத்தலைச் சபை எடுத்துக்கொள்ளாது, தாயீ."

"இது என்ன சபை?"

"ஊர்ச்சபை."

"அப்போ நான் யாரு?"

"நீ வீடு."

கொண்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள்.

"சரி, பேரத்துக்கு வாரும். ஒன்று, எங்களுக்கும் மேட்டில் இடம் விடும். முடியாதா? சேவல் சபை என்று உள்ளபடி பெயர் வையும். நான் வந்த வழியே போகிறேன்."

சிரிப்பு நின்றது. சேவல் சபை என்று சொல்லிவிட்டால், அது போட்ட சட்டத்துக்குப் பெட்டைகள் ஏன் தலையாட்ட வேண்டும்? கொண்டையனுக்குச் சுருக்கென்றது.

"இறக்குங்கடா அவளை!"

அவள் இறங்கவில்லை. அவனுடைய இருக்கையிலேயே உட்கார்ந்து முட்டையை இட்டாள். எழுந்து கழுத்தை நீட்டி, "சேவல் சபை! சேவல் சபை!" என்று மூச்சு முட்டக் கத்தினாள். கீழே நின்ற பெட்டைகளும் அதையே கத்தினார்கள். அந்தப் பெயர் எவர் காதிலும் விழக்கூடாதென்று சேவல்களும் பதறிப்போய்க் கூடவே கத்தினார்கள். கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டை கட்டியது. பேச்சு போயிற்று, சத்தம்தான் மிஞ்சியது.

அன்று முதல்தான், முட்டையிட்ட கையோடு பெட்டை ஊரைக் கூட்டிக் கொக்கரிக்கிறது. அதை அமுக்கச் சேவலும் ஓடிவந்து கூடவே கத்துகிறது. பெயரும் மாறவில்லை, மேட்டில் இடமும் விட்டபாடில்லை. கீரி மட்டும் வயிறாரத் தின்கிறது. இரண்டில் ஒன்று, ஐயா. இன்றைக்கே செய்யும்.