ஒடுக்கு விழுந்த சொம்பு

முன்னொரு காலத்திலே வெண்மலை நாட்டைச் சூரப்ப ராஜா என்று ஒருவர் ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் புத்தி காலையில் கிழக்கே பார்த்தால் மத்தியானம் மேற்கே பார்க்கும். விடியும்போது மாலை வாங்கினவன், பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டே போக வேண்டியிருக்கும்.

அரண்மனையில் பாத்திரம் துலக்குகிற சடைச்சிக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் அடுப்புக் கரியை எடுத்து, குடம், அகப்பை, முறம் என்று கண்ணில் பட்டதை எல்லாம் சமையற்கட்டுச் சுவரில் உள்ளது உள்ளபடி வரைவாள். ஒரு நாள் ராஜாவின் சொம்பை வரைந்தாள். அதன் வயிற்றில் இருந்த ஒடுக்கையும் விடவில்லை.

அதைப் பார்த்த ஆஸ்தான ஓவியர் வர்ணபூபதிக்கு வயிறு எரிந்தது. நேரே சபைக்குப் போய், "மகாராஜா, தங்கள் சொம்புக்கு ஒடுக்குப் போட்டு ஊர் சிரிக்க வைத்துவிட்டாள் பாத்திரக்காரி" என்று வத்தி வைத்தார்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சடைச்சியையும் சபைக்குக் கூப்பிட்டனுப்பினார். "இருவரும் என் சொம்பை வரையுங்கள். யார் படம் பொய்யோ அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

சடைச்சி கரியை எடுத்தாள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆனாலும் ஒடுக்கை விட்டுவிட மனம் வரவில்லை. வர்ணபூபதியோ தங்கமும் மாணிக்கமுமாக இழைத்துவிட்டார். சபை அவர் படத்துக்குத்தான் 'ஆகா' போட்டது. ராஜாவின் தலையும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

"ராசா, உங்களுக்குத் தாகமா இருக்குமே" என்றாள் சடைச்சி. "உள்ள முப்பது சொம்பு கவுத்தியிருக்கு. நேத்து வேலைக்கு வந்த காவக்காரரு அதுல ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லை. இந்தப் படங்களை அவருகிட்ட ஒண்ணொண்ணாக் குடுத்து, உங்க சொம்புல தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

வர்ணபூபதியின் படத்தோடு போன காவல்காரன் வெறுங்கையோடு திரும்பினான். "இப்படி ஒரு சொம்பு அரமணையிலேயே இல்லீங்க." சடைச்சியின் படத்தோடு போனவன் தண்ணீரோடு வந்தான்.

ராஜா குடித்தார். விரல் ஒடுக்கில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் மந்திரியின் தலையைக் குறிவைத்து அவரே எறிந்த சொம்பு அது. பக்கத்தில் மந்திரி மெதுவாகத் தலையைத் தடவிக்கொண்டார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூபதியாரே, நீர் வரைந்த சொம்பில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொண்டுவாரும். அது கிடைக்கும்வரை எல்லைக்கு அந்தப் பக்கம் தேடும்."

வர்ணபூபதியின் முகம் செத்துவிட்டது. சடைச்சிக்குப் பாவமாக இருந்தது. "அவரு இருக்கட்டும் ராசா. கொஞ்ச நாள் குடத்தைப் பார்த்து வரையட்டும், கை சரியாயிடும்."

"சரி. என்னையும் இப்படியே வரைவாயா?"

"முடியாதுங்க. வெச்ச இடத்துல வெச்சபடி இருக்கிறதைத்தான் எனக்கு வரையத் தெரியும். நீங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மாறிடுவீங்க."

ராஜா கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். மந்திரி சற்றே குனிந்துகொண்டார். ஆனால் ராஜா எறியவில்லை, கீழே வைத்தார்.

"இனி நீதான் ஆஸ்தான ஓவியர். நாளை முதல் தினம் ஒரு நாழிகை அசையாமல் உட்காருகிறேன்."

சொன்னபடியே உட்கார்ந்தார். அந்த ஒரு நாழிகையில் யாருக்கும் தண்டனை இல்லை. சில நாளில் அது இரண்டு நாழிகை ஆயிற்று. குடிமக்கள் எல்லாரும் திரண்டு வந்து சடைச்சியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"அவசரப்பட்டுப் படத்தை முடிச்சிடாதே, தாயி."