இறங்க இடம் தேடிய இருவர்

கடலில் ஒரு நாள், குமிழி, திவலை என்ற அக்காவும் தங்கையும் அலையோடு மிதந்து வந்தார்கள். இருவரும் கடல்முள்ளிக் குஞ்சுகள். வளர்ந்தால் பந்து போல உருண்டு, உடம்பெல்லாம் முள்ளாகிவிடும் இனம். இப்போதைக்குக் கண்ணாடித் தூள் அளவுதான்.

மூன்று வாரமாக நீந்தியாயிற்று. இனித் தரையில் இறங்க வேண்டும். இறங்கினால் நீந்தும் கைகள் சுருங்கிவிடும். மனசு மாறினாலும் கிளம்ப முடியாது.

கீழே பச்சைப் பாசி புல்வெளியாக ஆடிக்கொண்டிருந்தாள்.

"வாங்கடி கண்ணுங்களா! மெத்தை போட்டு வெச்சிருக்கேன்."

"நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள் திவலை.

"ஐயோ, ஒண்ணும் வேண்டாம்மா. வந்தா போதும்."

பாசிக்குள்ளிருந்து ஒரு குட்டி நண்டு எட்டிப் பார்த்தது. "ஆமாம், வந்தா போதும்" என்றது.

பக்கத்துப் பாறையில், காய்ந்த பெயிண்ட் போல ஒட்டிக் கிடந்தாள் சிவப்பி. அவளும் ஒரு பாசிதான். ஆனால் கல்லாகக் கெட்டிப்பட்டவள்.

"இங்க மெத்தை கித்தை எல்லாம் கிடையாது" என்றாள் சிவப்பி. "வேலைதான் இருக்கு. அந்தப் பச்சை என் மூஞ்சியில ஏறி முளைக்கிறா. விட்டா வெளிச்சமில்லாம செத்துப்போவேன். தினம் சுரண்டித் தின்னணும். முடியுமா?"

"வந்தவங்ககிட்ட பேசுற பேச்சா இது!" என்றாள் குமிழி. "வாடி, நாம மெத்தைக்குப் போவோம்."

"ஒண்ணும் வேண்டாங்கிறவ எதுக்குக்கா இவ்வளவு கூப்பிடுறா?"

"நல்ல மனசுடி. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

குமிழி பச்சையிடம் இறங்கினாள். திவலை சிவப்பியிடம் இறங்கினாள். இருவருக்கும் கைகள் சுருங்கின.

"ஆஹா, எவ்வளவு மெத்து..." என்று தொடங்கினாள் குமிழி. முடிக்கவில்லை. நண்டின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

திவலைக்கு அழக்கூட நேரமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நண்டு பாறைக்கு வந்தது.

"என்னடி பார்த்துக்கிட்டு நிக்கிற? உள்ள வா!" என்று ஒரு குரல் அதட்டியது. சிவப்பி மேல் மேய்ந்துகொண்டிருந்த பெரிய முள்ளி அது. அவள் முட்களுக்கு அடியில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் இடித்துக்கொண்டு நின்றன. திவலையும் நுழைந்துகொண்டாள்.

முள் குத்தியதும் நண்டு காலை இழுத்துக்கொண்டது. "சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்" என்று பக்கவாட்டில் நழுவியது.

சில நாளில் திவலைக்கு ஐந்து பற்கள் முளைத்தன. முதல் முறையாகச் சுரண்டினாள். பச்சைத் துளிரோடு சிவப்பியின் தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது.

திவலை பதறிப்போனாள். "வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள் சிவப்பி. "நிறுத்தாதே."