மணி நாக்கில் சுற்றிய துணி

மருதவாணர் அந்த மடத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதிகங்கள் எல்லாம் மனப்பாடம். விடியலில் முதலில் எழுவதும் அவர்தான். ஆனாலும் குரு காலையில் ஆற்றங்கரைக்குப் போகும்போது கூட அழைத்துப் போனது பொன்னையாவைத்தான்.

பொன்னையாவுக்கு அறுபது வயது. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வெறும் தயிர்ச்சோறுதான் சாப்பிடுவார். குருவின் காலில் ஒரு நாளும் விழுந்ததில்லை. பூசை மணிச் சத்தம் பொன்னையாவுக்கு ஆகாது என்று மணியின் நாக்கில் துணி சுற்றி வைக்கச் சொல்லியிருந்தார் குரு. அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் மருதவாணருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் வாய்விட்டே கேட்டார்.

"நானும் ஆற்றுக்கு வரட்டுமா சாமி?"

"நீ பூசைக்கு ஆக வேண்டியதைப் பார்" என்று சொல்லிவிட்டு, பொன்னையாவுடன் நடந்தார் குரு.

அன்று உச்சிப்பூசையில் மருதவாணர் துணியை அவிழ்த்துவிட்டு மணியை ஓங்கி அடித்தார்.

பொன்னையா அலறிக்கொண்டு ஓடினார். தூணில் மோதி நெற்றி கிழிந்தது. மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் போய் முடங்கிக்கொண்டார். குரு பின்னாலேயே போய், தொடாமல், பேசாமல், நான்கடி தள்ளி உட்கார்ந்தார். பொழுது சாயும் நேரத்தில் பொன்னையா தானாக நகர்ந்து வந்து நெற்றியைக் காட்டினார்.

வாசலில் நின்று பார்த்த மருதவாணருக்கு முதலில் தோன்றியது இதுதான்: நான் காய்ச்சலில் கிடந்தபோது இவர் இப்படி உட்கார்ந்தாரா? அப்புறம்தான் வெட்கம் வந்தது.

மறுநாள் குருவிடம் போனார்.

"துணியை அவிழ்த்தது நான்தான் சாமி."

"தெரியும்."

"அவர் நடிக்கிறார் என்று நினைத்தேன்."

"இப்போது?"

"நடிப்பில்லை என்று தெரிகிறது. பொறாமை மட்டும் போகவில்லை. அப்படி அவர் என்ன செய்துவிட்டார்?"

குரு அவரை உட்காரச் சொன்னார்.

"ஐந்து வயதில் அவனைப் பேய் பிடித்தவன் என்று வேப்பிலையால் அடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் திமிர் பிடித்தவன் என்று அடித்தார்கள். கல்யாண வயதில் பைத்தியம் என்று கட்டிப்போட்டார்கள். தலை நரைத்ததும் சித்தர் என்று காலில் விழ வந்தார்கள். அதற்கும் பயந்து ஓடித்தான் இங்கே வந்தான்."

"நீங்கள் அவரை என்னவென்று சொன்னீர்கள்?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு எது வலிக்கிறது என்று கேட்டேன். மணி என்றான்."

மருதவாணர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லையே சாமி."

 குரு தன் ஆசனத்தை விட்டு இறங்கி, வெறுந்தரையில் அவர் எதிரே உட்கார்ந்தார்.

"ஆமாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவனுக்கு வலிக்காது என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். உனக்கு எது வலிக்கிறது?"

மருதவாணர் தானாக நகர்ந்து வந்து குருவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.