‘சிறந்த அம்மா’ பரிசு

விடை தெரியும் என்று இப்போதே கையைத் தூக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள். கேட்கவே வெட்கக்கேடான கதை இது.

ஈரோட்டில் குணாளன், தேன்மொழி என்று ஒரு தம்பதி. தேன்மொழிக்கு மருந்துக் கம்பெனியில் ஊர் ஊராக அலைகிற வேலை. குணாளனுக்கு வீட்டிலேயே கணினியில் கணக்கெழுதும் வேலை. ஆகவே மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் செவ்வந்திக்குத் தலை பின்னுவது, சோறு கட்டுவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் அவன்தான்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயரே ‘அம்மாக்கள் குழு’. “ஆம்பளைங்க வேண்டாங்க, ஒருமாதிரி இருக்கும்” என்று அதை நடத்துகிற அம்மா சொல்லிவிட்டார். வீட்டுப்பாடம் முதல் விடுமுறை வரை எல்லாச் செய்தியும் அதில்தான் வரும். என்ன செய்வான்? மனைவி பெயரில் உள்ளே புகுந்தான், அவளுக்குத் தெரிந்தேதான்.

பேன் தொல்லைக்கு வழி சொன்னான். காய்கறி தொடாத பிள்ளைகளுக்குப் பீட்ரூட் தோசை சொன்னான். மாறுவேடப் போட்டிக்குத் தலையணை உறையில் முயல் காது செய்யக்கூடச் சொல்லிக்கொடுத்தான். “தேன்மொழி அக்கா மாதிரி வருமா!” என்று குழுவே கொண்டாடியது. ஆண்டு விழாவில் ‘சிறந்த அம்மா’ பரிசும் அவளுக்குத்தான் என்று முடிவானது.

தேன்மொழி மேடை ஏறினாள். கீழே இருந்த கணவனைப் பார்த்தாள். அவனைச் சுற்றி அவன் கூட்டாளிகளான மற்ற அப்பாக்கள். சொல்லிவிடாதே என்று அவன் தலையை ஆட்டினான். அவளும் பரிசை வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற செவ்வந்தி மைக்கில் சொன்னாள்: “இதை எங்கப்பாவுக்குக் குடுங்க மிஸ். எல்லாம் அவருதான் எழுதினாரு.”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. குணாளன் துள்ளி எழுந்தான்.

“அவ பொய் சொல்றா மிஸ். வாயைத் திறந்தா பொய்தான்!”

சிரிப்பு இன்னும் பெரிதானது. பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. அய்யோ, அதைப் பார்த்த பாவி நானும் ஒருவன்.

இப்போது சொல்லுங்கள். தகப்பனுக்குக் கதவைச் சாத்திய குழுவா, தனக்கு உரிமையில்லாத பரிசை வாங்கிய தாயா, உண்மை பேசிய மகளைப் பொய்க்காரி ஆக்கிய தகப்பனா? இவர்களில் யார் அதிகம் தலைகுனிய வேண்டும்?

விடை: தகப்பன்தான். மற்றவர்கள் செய்ததும் தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை வளர்த்ததற்கு வெட்கப்பட்டு, அந்தப் பிள்ளையையே காட்டிக்கொடுத்தான் பாருங்கள், அதற்கு ஈடே கிடையாது. அவனுக்கும் அது உறைத்தது. வீட்டுக்குப் போனதும் குழுவில் எழுதினான்: “நான் செவ்வந்தியின் அப்பா. இதுவரை எழுதியது நான்தான். என் மகள் பொய் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள்.” அம்மாக்கள் எல்லாரும் கைகூப்பும் படம் அனுப்பி மன்னித்தார்கள். பழி சொன்னது நிறைந்த சபையில், மன்னிப்புக் கேட்டது ஃபோனில். செவ்வந்தியிடம் ஃபோன் கிடையாது.