மலைக்குக் கிழக்கே

"என் தவத்துல என்ன குறை, அம்மா?"

சடையப்பன் கேட்டான். மழை வரும்வரை ஊருக்குள் கால் வைப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டு, மலையடிவாரத்தில் மேற்கே பார்த்து வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவன்.

ஆடி பிறந்தால் மேகம் மலையுச்சி வரை வரும். அதற்கு மேல் ஓர் அடி வைக்காது. காற்று மட்டும் இறங்கி வந்து அவன் குடிசைக் கூரையைப் பிய்த்துவிட்டுப் போகும்.

முதலில் ஊரே வந்து கும்பிட்டது. பிறகு கூழ் மட்டும் வந்தது. இப்போது அதுவும் இல்லை. பேச ஆளில்லாமல் ஒருநாள் ஓணானிடம் பேசிப் பார்த்தான். அதுவும் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டது. அன்றைக்குத்தான் தனிமை அவனுக்குத் தாங்க முடியாமல் போனது.

அவன் கேட்டது அந்த வழியே வந்த குரு உமையாளிடம்; அவனைவிட வயதில் இளையவள்.

"வாங்க" என்று மலையேறினாள்.

உச்சியில் சடையப்பன் எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவன் முதுகில் வெயில் சுட்டது.

"அங்க யாரு தவம் இருக்காங்க?"

அவன் உற்றுப் பார்த்தான்.

"யாரும் இல்ல. யானைதான் நிக்குது."

"மேக்குக் கடல் மேகம் மலையில முட்டி மேல ஏறுது. இருக்கிறதை அங்கேயே கொட்டிருது. உங்க பக்கம் இறங்குறது வெறுங்காத்து."

"அப்போ நான் உக்காந்திருந்தது?"

உமையாள் கீழே அவன் ஊர் இருந்த பக்கம் திரும்பினாள்.

"உங்க ஊர்க் குளம் நிறைஞ்சதே இல்லையா?"

"ஐப்பசியில நிறையும். அது கிழக்குக் கடல்ல இருந்து வர்ற மழை."

"அது வந்தப்போ ஏன் வீட்டுக்குப் போகல?"

"நான் கேட்டது மலை மேல நிக்கிற இந்த மழையை. அதை நான் சேத்துக்கல, அம்மா. திரும்பிக்கூடப் பாக்கல."

"யாரும் கூப்பிடலையா?"



"முதல் வருஷம் தங்கச்சி வந்தா. பின்னால நின்னு கூப்பிட்டா."

"என்னன்னு?"

சடையப்பன் ஊர்ப் பக்கம் திரும்பினான்.

"'அண்ணே, நனையுறியே, வீட்டுக்கு வா'ன்னு."