பள்ளத்தை அளந்த முள்ளம்பன்றி

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், குழந்தைகளே, புள்ளிமான் கூட்டம் ஒன்று பசியால் வாடிக்கொண்டிருந்தது. ஆழமான ஒரு பள்ளத்துக்கு அப்பால் புல் பச்சைப்பசேலென்று தெரிந்தது. ஆனால் பள்ளம் எவ்வளவு அகலம்? இருபது அடிவரை மான்களால் தாண்ட முடியும். அதற்கு மேல் என்றால் விழுந்து சாக வேண்டியதுதான்.

கூட்டத்தின் தலைவன் நெடுங்கொம்பன். எவ்வளவு தூரமானாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவதாக அதற்குப் பெருமை.

"முப்பது அடி. தாண்ட முடியாது" என்றது அது.

பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி நிமிர்ந்தது. "அளந்தே பார்த்துவிடலாமே!"

"அக்கரைக்குப் போகாமலா?" என்று கேட்டது நெடுங்கொம்பனின் மகள் மின்னி.

"போகவே வேண்டாம்."

முள்ளம்பன்றி தன் உதிர்ந்த முட்களில் ஒரே நீளமுள்ள இரண்டை எடுத்தது. சதுரத்தின் மூலைபோல் அவற்றைப் பிசினால் ஒட்டி, நுனிகளைக் குறுக்கே இன்னொரு முள்ளால் இணைத்தது. முக்கோணம் ஒன்று கிடைத்தது. பிறகு, அக்கரை விளிம்பில் நின்ற ஒரு மரத்துக்கு நேர் எதிரே இக்கரையில் ஒரு கல்லை வைத்தது.

"இனி நான் விளிம்போரமாக நடப்பேன். ஒரு பக்க முள்ளை விளிம்போடு நேராகப் பிடித்து, இந்தச் சாய்ந்த முள் வழியாக அந்த மரம் தெரியும் இடத்தில் நிற்பேன். அப்போது கல், மரம், நான் மூன்றும் சேர்ந்தால் இதே முக்கோணம்தான், பெரிதாக. இதில் இரண்டு பக்கமும் சமம், அதிலும் சமம். கல்லிலிருந்து நான் நடந்த தூரம்தான் பள்ளத்தின் அகலம்."

"முள்ளண்ணா, உங்களைப்போல் அறிவாளியை நான் பார்த்ததே இல்லை!" என்றது மின்னி.

அந்தச் சொல் நெடுங்கொம்பனைச் சுருக்கென்று தைத்தது. 'என் மகள் ஒரு நாளாவது என்னை இப்படிச் சொன்னதுண்டா? மண்ணைக் கிளறித் தின்னும் இந்தக் குட்டைக்காலனுக்கு இவ்வளவு மரியாதையா?'

முள்ளம்பன்றி மரத்தின்மேல் கண் வைத்து நடந்தது. மான்கள் அதன் பின்னாலேயே போயின. அந்த நேரம் பார்த்து நெடுங்கொம்பன் கல்லை ஆறு அடி அவை போன பக்கமாக நகர்த்திவிட்டது. 'கணக்குத் தப்பட்டும். எல்லாரும் சிரிக்கட்டும்!'

முள்ளம்பன்றி குனிந்தபடி அடிகளை எண்ணிக்கொண்டே கல்லுக்குத் திரும்பியது. "பதினெட்டு!"

யாரும் சிரிக்கவில்லை. மான்கள் துள்ளிக் குதித்தன.

"தலைவர் முப்பது என்றாரே..." என்று ஒரு மான் இழுத்தது.

"அப்பா கண்ணால் பார்த்துச் சொன்னார். இவர் அளந்து சொல்கிறார்" என்றது மின்னி. "நானே முதலில் தாண்டுகிறேன்!"

ஓடிவந்து தாவுவதற்காக அது பின்னால் போய் நின்றது.

பதினெட்டும் ஆறும் இருபத்து நான்கு. நெடுங்கொம்பன் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தது. சொன்னால் மானம் போய்விடும். சொல்லாவிட்டால்?

மின்னி ஓடத் தொடங்கியது.

"நில்லம்மா! நில்!" நெடுங்கொம்பன் குறுக்கே பாய்ந்தது. இரண்டும் புழுதியில் உருண்டு, விளிம்பை ஒட்டி விழுந்தன.

"கல்லை நான்தான் நகர்த்தினேன்" என்றது நெடுங்கொம்பன், மூச்சு வாங்க.

"ஏனப்பா?"

"நீ முள்ளம்பன்றியைப் புகழ்ந்தாய். என்னால் தாங்க முடியவில்லை."

முள்ளம்பன்றி முக்கோணத்தை எடுத்துக்கொண்டு விளிம்போரமாகவே நடந்தது. பள்ளம் ஒடுங்கிய ஓரிடத்தில் மறுபடியும் அளந்தது. "பதினேழு" என்றது.

"இந்த முறை நான் முதலில் தாண்டுகிறேன்" என்றது நெடுங்கொம்பன். ஆனால் கீழே பார்த்ததும் அதன் கால்கள் தயங்கின. 'நான் செய்ததையே இது எனக்குச் செய்திருந்தால்?'

"நீ... சரியாகத்தானே அளந்தாய்?"

"எனக்கு இந்தக் கரையிலேயே கிழங்கு இருக்கிறது. பசி உங்களுக்குத்தான். அதற்காகத்தான் அளந்தேன்" என்றது முள்ளம்பன்றி.

நெடுங்கொம்பன் தலைகுனிந்தது. பிறகு ஓடிவந்து தாவியது. அக்கரை விளிம்புக்கு மூன்று அடி அப்பால், கெட்டியான மண்ணில் அதன் கால்கள் ஊன்றின.

நீதி: பிறர் பெறும் புகழைப் பொறுக்காதவர், தம் உயிரினும் மேலானவர்களையே ஆபத்தில் தள்ளுகிறார்.