தங்கத் துகளுக்கு வழிவிட்ட மூவர்

தும்பலூர் ஆய்வுக்கூடத்தில் உடையப்பன், மதலைமுத்து, அமிர்தகடேசன் என்று மூன்று உதவியாளர்கள் இருந்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். ஆபத்தே அதில்தான் இருந்தது.

அங்கே ஒரு கண்ணாடிக் கட்டிக்குள் தூசியளவு தங்கத் துகள் ஒன்று கிடந்தது. லேசரைப் பாய்ச்சினால் அது சூடேறி, கண்ணாடியை இளக்கிக்கொண்டு, ஒளி வரும் பக்கமாக நகரும். அதைப் பார்க்கத்தான் அன்று அதிகாரி வருகிறார். நகராவிட்டால் கூடத்தையே பூட்டிவிடுவார். மூவருக்கும் வேலை போய்விடும்.

அவரை அழைத்துவரக் கிளம்பிய பேராசிரியை சௌந்தரவல்லி படித்துப் படித்துச் சொன்னார்: "லேசரைப் போடுங்க. துகள் வெளிச்சத்தைத் தேடித் தானா வரும். லேசரைப் பார்க்காதீங்க. வழியில எதுவும் மறிக்கக் கூடாது."

மூவரும் லேசரைப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"வந்துடுச்சா?" என்றார் உடையப்பன்.

"பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றார் மதலைமுத்து.

"கூப்பிட்டுப் பாருங்க."

மதலைமுத்து மரியாதையாகவே கூப்பிட்டார். பதில் இல்லை.

"வெயில் அடிக்குதே, அந்தப் பக்கம் போயிட்டா?" என்று அமிர்தகடேசனுக்குக் கவலை வந்தது. சன்னல்களையெல்லாம் சாத்தினார்கள். அறை கும்மிருட்டானது.

"வழியில ஏதோ மறிக்குது" என்றார் உடையப்பன். லேசரை அணைத்துவிட்டு, இருட்டில் தடவிப் பார்த்தவர் அலறினார். "கண்ணாடி! சுத்திச் சுத்திக் கண்ணாடி! பாவம், அது எப்படி வரும்?"

மூவரும் துகளுக்காக உச்சுக்கொட்டினார்கள். இவ்வளவு படித்த அம்மா இதைக் கவனிக்கவில்லையே! சுத்தியலை எடுத்து ஒரே போடு. வழி பளிச்சென்று திறந்தது. மறுபடி லேசரைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து நிம்மதியாக நின்றார்கள்.

அதிகாரி பேராசிரியையோடு வந்தார். இருட்டாயிருந்ததால் கையிலிருந்த டார்ச்சை அடித்தார். மேசை நிறையக் கண்ணாடிச் சில்லு. அதே டார்ச்சோடு வெளியே போய், "பூட்டைக் கொண்டா" என்றார்.

"ஐயோ, துகள் எங்கேய்யா?" பேராசிரியை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூவரும் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு உடையப்பன் வாசலுக்கு ஓடி, பூட்டும் கையுமாக நின்ற அதிகாரியைக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்க டார்ச்சோட வெளியே வந்தீங்களா, அதுவும் உங்க பின்னாடியே வந்திருக்கு. தாராளமா பூட்டுங்க, வேணாங்கல. அது திரும்பி உள்ளே வரணும் பாருங்க, கதவை மட்டும் திறந்து வெச்சுப் பூட்டுங்க!"